ஊமைப் படகு

பிப்ரவரி 4

கொழுந்தனுக்கு,

நீ உயிரோடு இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால் நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிறது. கவிழ்ந்த படகைக் கட்டி இழுத்து வந்தார்களே, அதை ஆள் வைத்துச் சரிபார்த்து எஞ்சினையும் ஓட வைத்துவிட்டேன். நான் கடலுக்குப் போகப் போகிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடு. தையல்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று துறைமுகத்தில் எல்லாரும் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

நீங்கள் மீன் பிடிக்கப் போகும் அந்த மூழ்கிய கப்பல் கிடக்கும் இடம் அவர் டைரியில் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் படகை நங்கூரம் போட்டு நிறுத்துவது எப்படி என்று எந்த டைரியிலும் இல்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இல்லை. மிச்சம் நீ. என் அதிர்ஷ்டம் அப்படி.

என்னோடு வரப்போவது என் அக்கா வீட்டுக்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். படகுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று நேற்று கேட்டார். இப்படிப்பட்ட துணையோடு போகிறவளுக்கு விளக்கமாக எழுது.

போனில் வேண்டாம். போன முறை இருபது நிமிஷம் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டாய். வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று அக்காவிடம் ஆள்விட்டுக் கேட்டாயாம். அதற்குப் பதில், உன் கடிதத்தைப் பார்த்த பிறகு.

அண்ணி

*

பிப்ரவரி 13

அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியதே எனக்குப் பெரிது. நான் இங்கே குளிர்கிடங்கில் மீன் பெட்டி அடுக்குகிறேன். ஒரு அறையில் ஐந்து பேர். யாருக்கும் என்னைத் தெரியாது. அது நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் போவதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

கப்பல் பதினைந்து பாகம் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். டைரியில் உள்ள இடத்துக்குப் போனதும் ஆழம் காட்டும் பெட்டியைப் பாருங்கள். சமமாக வந்த தரை சட்டென்று எழும்பும். அதுதான் கப்பல். உடனே ஒரு காலி கேனில் கயிறு கட்டி, நுனியில் கல் கட்டி, அங்கே போட்டுவிடுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம். காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து படகை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். கேனைத் தாண்டி ஐம்பது பாகம். அங்கே மணல். அந்த மணலில் நங்கூரத்தை இறக்குங்கள். தூக்கி எறியாதீர்கள், இறக்குங்கள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் படகு தானாகப் பின்னால் வந்து, கேனுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆழத்தைப் போல் மூன்று மடங்கு கயிறு. அதற்குக் குறைத்தால் நங்கூரம் நிற்காது, இழுபடும்.

நங்கூரத்தைக் கப்பல்மேலேயே போட்டுவிடாதீர்கள். இரும்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கயிற்றைப் படகின் முன்பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். எஞ்சின் இருக்கும் பின்பக்கம் தாழ்வு, கனம். அங்கே கட்டினால் ஒரே அலையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

எஞ்சினில் ஒருவர், நங்கூரத்தில் ஒருவர். எஞ்சினில் இருப்பவர் 'போடு' என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். கையைக் காட்டினால் போதாது.

வரலாமா என்பதற்குப் பதில் எழுதுங்கள்.

கொழுந்தன்

*

மார்ச் 2

கொழுந்தனுக்கு,

போய் வந்தோம். கப்பலைக் கண்டுபிடித்தேன். கேனைப் போட்டேன். சும்மா உட்கார்ந்தும் காட்டினேன். நான் சும்மா உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தில் அக்கா வீட்டுக்காரர் காலையில் சாப்பிட்டதை எல்லாம் மீனுக்குக் கொடுத்துவிட்டார். நான் 'போடுங்க' என்று கத்தியபோது, 'கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா, இறங்கிக்கிறேன்' என்றார். ஒருவழியாக நங்கூரத்தை இறக்கினோம். அது நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே வந்தது. வெறுங்கையோடு திரும்பினோம்.

துறைமுகத்தில் நம் படகுக்கு இன்னும் ஊமைப் படகு என்றுதான் பெயர். நான் ஏறும்போதுகூட ஒருத்தன், 'ஊமைப் படகு கிளம்பிடுச்சு டோய்' என்றான். நீங்கள் இருவரும் ஒரே படகில் போய், ஒரே கயிற்றை இழுத்து, நாலு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்ததற்குக் கிடைத்த பட்டம். முன்னறையில் என் தையல் மெஷினைப் போட்டேன் என்பதற்கு இரண்டு ஆம்பிளைகள் நாலு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தீர்கள். வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு கேள்வி. வெல்டர் புது நங்கூரம் செய்து கொடுத்தார். நாலு கொக்கி. கயிற்று நுனியில் வரும் சங்கிலியை அதன் தலையில் இருக்கும் வளையத்தில் மாட்டினேன். அவர் பார்த்துவிட்டு, 'உங்க வீட்டுக்காரர் அடியிலதானே மாட்டுவாரு' என்றார். ஏன்? நீ இதை எழுதவே இல்லையே?

இரண்டாவது. பின்பக்கம் கட்டக் கூடாது என்று எனக்கு வகுப்பு எடுத்திருக்கிறாய். படகை இழுத்து வந்தவர்கள், கயிறு பின்பக்கத்தில்தான் கட்டியிருந்தது என்றார்கள். பத்து பேர் பார்த்திருக்கிறார்கள். அவர் கட்டினாரா, நீ கட்டினாயா?

அண்ணி

*

மார்ச் 11

அண்ணிக்கு,

சங்கிலி விஷயத்தை நான் மறந்து விடவில்லை. எழுத மனம் வரவில்லை.

சங்கிலியை நங்கூரத்தின் அடியில், கொக்கிகள் சேரும் இடத்தில் மாட்ட வேண்டும். பிறகு தண்டோடு ஒட்டி மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய சணலால் கட்ட வேண்டும். இரண்டு சுற்று போதும். சாதாரணமாக இழுக்கும்போது சணல் தாங்கும், நங்கூரம் ஒழுங்காக மணலைப் பிடிக்கும். எங்காவது இரும்பில் சிக்கிக்கொண்டால், கயிற்றை இறுக்கிப் பிடித்துப் படகோடு இழுத்தால் அந்தச் சணல் அறுந்துவிடும். அறுந்ததும் இழுப்பு அடிப்பக்கத்துக்குப் போகும். நங்கூரம் தலைகீழாகப் புரண்டு, மாட்டிய வழியிலேயே வெளியே வந்துவிடும். சணல் அறுவதற்காகத்தான் கட்டுவது. பார்க்க இத்துப்போன மாதிரி இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்களுக்கு மணலில் இழுபட்டது கயிறு போதாததால். இன்னும் பத்து பாகம் விடுங்கள்.

முன்னறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பா எனக்கென்று சொன்ன அறை அது. என் கட்டிலை எஞ்சின் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டது மெஷின் இல்லை, நீங்கள். நான் மூன்று நாள் அண்ணன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். 'அவகிட்ட கேளு' என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசும் கடைசி வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நாலு மாதமும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது.

கொழுந்தன்

*

மார்ச் 17

கொழுந்தனுக்கு,

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சணல் இத்துப்போயிருக்கிறதே என்று யாராவது அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நல்ல கட்டுக்கம்பியால் நாலு சுற்று சுற்றி முறுக்கி விட்டால் என்ன ஆகும்?

உடனே பதில் எழுது. தபால் வர இங்கே ஆறு நாள் ஆகிறது.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணிக்கு,

அப்படி யாரும் கட்டமாட்டார்கள். கடலுக்குப் போகிறவன் யாரும் கட்டமாட்டான்.

கட்டினால், சிக்கிய நங்கூரம் வராது. கயிற்றை வெட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

ஏன் கேட்கிறீர்கள்? யார் உங்களிடம் கட்டுக்கம்பி என்று சொன்னது?

கொழுந்தன்

*

மார்ச் 30

கொழுந்தனுக்கு,

யாரும் சொல்லவில்லை. நீ சொல்.

அந்த நங்கூரம் கடலுக்கு அடியில் கிடக்கிறது. அதில் என்ன கட்டியிருந்தது என்று பார்த்த கண் உன்னுடையது மட்டும்தான் மிச்சம். துறைமுகத்தில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? அவருக்குக் கடலே தெரியாது, பின்பக்கம் கட்டிச் செத்தான் முட்டாள் என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கடலில் போன மனுஷனை. நீ ஊரைவிட்டு ஓடி ஐஸுக்குள் ஒளிந்துகொண்டாய், நான் துணி அளவெடுக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நேற்று ஒருத்தி ஜாக்கெட்டுக்குக் கை நீட்டிக்கொண்டே, 'குடிச்சிருந்தாரா?' என்று கேட்டாள். ஊசியை அவள் தோளில் இறக்கிவிட்டேன். தெரியாமல் பட்டுவிட்டது என்றேன்.

நீ மென்று விழுங்குகிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் தெரிகிறது. நடந்ததை அப்படியே எழுது. எழுதினால் முன்னறை உனக்கு. மெஷினைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்கிறேன். பூசி மெழுகினால் சாகும்வரை அங்கேயே பெட்டி அடுக்கு.

அக்கா வீட்டுக்காரர் இனிமேல் கரையில் நின்றே எனக்கு வழி சொல்வாராம்.

அண்ணி

*

ஏப்ரல் 8

அண்ணிக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

அன்று காலை நங்கூரத்தைக் கொட்டகை வாசலிலிருந்து தூக்கிப் படகில் ஏற்றியவன் நான். தூக்கும்போதே பார்த்தேன். சணல் இருந்த இடத்தில் கட்டுக்கம்பி. நாலு சுற்று. முனை கையைக் கிழிக்காமல் மடக்கி உள்ளே தள்ளியிருந்தது. அண்ணன்தான் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். எப்போதும் சணல் கட்டுவது என் வேலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வேலையில் கை வைத்திருக்கிறார், அதுவும் தப்பாக, என்று ஆத்திரம் வந்தது.

கம்பியை வெட்டிவிட்டுச் சணல் கட்ட ஒரு நிமிஷம் போதும். 'என்ன இது?' என்று கேட்க ஒரு நிமிஷம்கூட வேண்டாம். ஆனால் கேட்டால் நான் முதலில் பேசியதாக ஆகிவிடும். நாலு மாதம் கட்டிக் காத்த வீம்பு. போய் மாட்டட்டும், அவமானப்படட்டும், அவரே வாயைத் திறந்து என்னிடம் வரட்டும் என்று விட்டுவிட்டேன். வருத்தத்தோடு விடவில்லை அண்ணி. வழியெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு போனேன்.

அவர் எஞ்சினில் இருந்தார். நான் முன்பக்கம். கேனைத் தாண்டியதும் அவர் வெயிலுக்குக் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினார். நான் அதைப் 'போடு' என்று எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டேன். நேராகக் கப்பல்மேல் போய் விழுந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். திட்டக்கூட இல்லை. திட்டினாலும் பேச்சுதானே.

நல்ல மீன். ஒரு மணி நேரம் இருந்தோம். பிறகு காற்று திரும்பியது, நீரோட்டம் வேகமானது, அலை உயர்ந்தது. கிளம்பலாம் என்று கயிற்றை இழுத்தால் வரவில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்று இழுத்தோம். வரவில்லை. கத்தி பக்கத்தில்தான் செருகியிருந்தது. வெட்டினால் முடிந்தது. யார் வெட்டுவது, யார் வெட்டச் சொல்வது? அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அவர் கயிற்றை முன்பக்கத்திலிருந்து அவிழ்த்துப் பின்பக்கம் கொண்டுபோனார். எஞ்சினைக் கொண்டு இழுத்துப் பார்க்கலாம் என்று. பின்பக்கம் கட்டினால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே கட்டினார். நான் தடுப்பேன் என்று காத்துக்கொண்டே கட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. நான் தடுக்கவில்லை.

எஞ்சினை முறுக்கியதும் பின்பக்கம் அமுங்கியது. அப்போதுதான் கத்தினேன். 'அண்ணா, வேணாம், விட்டுடு!' அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. 'வாயைத் தொறந்துட்டியாடா!' என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கயிற்றுச் சுருள் அவர் காலைச் சுற்றியிருந்தது. நான் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியவில்லையா, பிடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.

அவர் முட்டாள் இல்லை. துறைமுகத்தில் வந்து எல்லார் முன்னாலும் இதைச் சொல்கிறேன். காறித் துப்பட்டும். என்னை வீட்டுக்கு வர விடுங்கள்.

கொழுந்தன்

*

ஏப்ரல் 19

கொழுந்தனுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மெஷின் டிராயரில் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் ஒரு தையல் நேராக விழவில்லை.

கம்பி கட்டியது உன் அண்ணன் இல்லை. நான்.

முதல் நாள் சாயங்காலம் துணி காயப்போட வந்தபோது நங்கூரம் கிடந்தது. அந்தச் சணல் பிசிறு பிசிறாக இருந்தது. பிசிறு கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. மற்றவர்கள் இரண்டு தையல் போடும் இடத்தில் நாலு போடுகிறவள் நான். இவ்வளவு கனமான இரும்பை இந்த நூலிலா கட்டுவார்கள், இவர்களும் இவர்கள் வேலையும் என்று திட்டிக்கொண்டே, கொட்டகையில் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்துச் சுற்றி முறுக்கினேன். முனையை மடக்கினதும் நான்தான். உங்கள் கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று. ஒன்பது வருஷம் கடல்காரனோடு குடும்பம் நடத்தியும் சணல் எதற்கு என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இதுவரை எழுதுவது சுலபம். தெரியாமல் செய்தாள் என்று யாரும் மன்னித்துவிடுவார்கள்.

மறுநாள் காலை உன் அண்ணன் டீ டம்ளரோடு வெளியே போய்விட்டு உள்ளே வந்தார். 'உன் கொழுந்தன் பண்ணியிருக்கிற வேலையைப் பார்த்தியா? நங்கூரத்துல கம்பியைக் கட்டி வச்சிருக்கான். அங்க போய் மாட்டட்டும். அப்பவாவது வாயைத் திறந்து, அண்ணா தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றானா பார்க்கிறேன். நானா ஒண்ணும் கேட்கப் போறதில்ல' என்றார்.

ஆக அவரும் பார்த்தார். நீயும் பார்த்தாய். ஒருத்தரை ஒருத்தர் நினைத்துக்கொண்டு போனீர்கள். நடுவில் அடுப்பங்கரையில் நின்றவள் ஒருத்தி. 'அது நான் கட்டினதுங்க' என்று சொன்னால் அவர் அங்கேயே அவிழ்த்திருப்பார். நான் சொல்லவில்லை. கம்பியில் என்ன தப்பு என்று தெரியாவிட்டாலும், தப்பு உன் தலையில் விழுகிறது என்று தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. கடலில் இன்னொரு சண்டை வந்தால் நீ கொட்டகையையும் காலி செய்துகொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். வீடு எனக்கு ஆகும். இரண்டு பேருக்கும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதைப் படித்து உன் பாரம் பாதியாகிவிட்டது என்று நினைக்காதே. உனக்குச் சணல் எதற்கு என்று தெரியும். உன் பக்கத்தில் கத்தி இருந்தது. உனக்கு வாய் இருந்தது. நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் கம்பி வெறும் கம்பி.

உண்மையை எழுதினால் முன்னறை என்று சொன்னேன். சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். நீ வராதே. நீ எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், அந்தச் சிரிப்பை எழுதியிருக்கக் கூடாது. ஒன்பது வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. கடைசியாக அதை வாங்கிக்கொண்டவன் நீ. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் நீ எதையும் சொல்ல வேண்டாம். முட்டாள் என்றே பேசிக்கொள்ளட்டும். பெண்டாட்டியும் தம்பியும் சேர்ந்து கொன்றார்கள் என்பதைவிட அது அவருக்கு மரியாதை.

அண்ணி

*

ஏப்ரல் 27

அண்ணிக்கு,

வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். இந்த முறை வரலாமா என்று கேட்கவில்லை. வீட்டில் பாதி என்னுடையது. படகிலும்தான்.

மெஷினை நகர்த்த வேண்டாம். முன்னறையில் அது இருக்கட்டும். அதற்கு எதிரே என் கட்டிலைப் போட இடம் இருக்கிறது. நீங்கள் தைக்கும்போது தலையைத் தூக்கினால் நான் தெரிவேன்.

துறைமுகத்தில் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. சொல்லிவிட்டால் உங்களுக்குப் பயம் போய்விடும்.

அக்கா வீட்டுக்காரர் கரையிலேயே நிற்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து நாம் இருவரும் போவோம். அந்தக் கப்பலுக்குத்தான். நீங்கள் எஞ்சினில், நான் முன்பக்கம். உங்களுக்குக் கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது எல்லாம் நீங்கள் பேசலாம். நான் பேச மாட்டேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு.

நங்கூரத்தை ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக் கட்டிவைப்பேன். சணலில் கட்டியிருக்கிறேனா, கம்பியில் கட்டியிருக்கிறேனா என்று ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்ல மாட்டேன்.

கொழுந்தன்